ஆலய வாசலை மறித்த தபால்காரர்

ஹோசியா டாலிவர் வேலைக்குப் போகும்போது தபால்காரச் சட்டையின் கழுத்தில் கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குட்டி டை கட்டிக்கொண்டு போவார். பட்டாம்பூச்சி போல இரண்டு சிறகு விரித்து நிற்கும். அவர் படித்த கெய்தர் கல்லூரியின் நிறம் அது. மில்ப்ரூக் தபால் ஆபீஸின் பெரிய அதிகாரி வெள்ளைக்காரர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஹோசியாவை நிறுத்தி, "இதென்ன கூத்து? கழட்டு அதை" என்றார்.

ஹோசியா சிரித்த முகத்தோடு சொன்னார்: "கழட்டறதுன்னா தலையோட சேத்துத்தான் சார் கழட்டணும்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், அமெரிக்காவின் ஜார்ஜியாவில், ஒரு கறுப்பர் வெள்ளைக்காரரிடம் அப்படிப் பேசிவிட்டு வீடு போய்ச் சேருவது நிச்சயமில்லை. அதிகாரி என்ன நினைத்தாரோ, முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். டை கழுத்திலேயே இருந்தது. ஆனால் பதவி உயர்வு என்ற சொல் ஹோசியாவின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

லத்தீனும் கணக்கும் படித்துப் பட்டம் வாங்கியவர் அவர். பட்டம் வாங்கிய வருஷம் நாடே வேலையில்லாமல் கிடந்தது. அதிலும் படித்த கறுப்பருக்கு இருந்த வேலைகளை விரல்விட்டு எண்ணலாம். தபால் தேர்வு எழுதினார், பையை மாட்டிக்கொண்டார். "சிசரோவைப் படிச்சவன் சீட்டு கொண்டு வர்றான் பாரு" என்று கறுப்பர் தெருக்களில் கேலி பேசுவார்கள். "படிக்காதவன் கொண்டு வந்தா உன் சீட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார்.

பிறந்தது தெற்கே, பருத்திக் காட்டில். அப்பா அடுத்தவன் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். பள்ளி முடிந்ததும் நிலத்துக்காரன், "போதும் படிச்சது, இனிமே கலப்பையைப் பிடி" என்று சொல்லியனுப்பினான். நிலத்துக்காரன் தேவாலயத்துக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோசியா கிளம்பி நடந்து மில்ப்ரூக்குக்கு வந்துவிட்டார். இடுப்பில் ஒரே கால்சட்டை, கையில் அம்மா கட்டிக்கொடுத்த சோளரொட்டி.

கெய்தரின் தலைவர் அப்போது டாக்டர் மார்ச்பேங்க்ஸ். அடிமையாகப் பிறந்தவரின் மகன். குரல் மட்டும் சிம்மாசனத்தில் பிறந்த குரல். கறுப்பு ஆண்பிள்ளைகளுக்கென்றே இருந்த அந்தக் கல்லூரியில் நேற்றுச் சேர்ந்த பையனைக்கூட அவர் 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். முதல்நாள் "மிஸ்டர் டாலிவர்" என்று அவர் அழைத்தபோது, அப்பா வந்திருக்கிறாரோ என்று ஹோசியா திரும்பிப் பார்த்தார். பிறகுதான் உறைத்தது: அப்பாவைக்கூட யாரும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்த வாரமே சீனியர் பையன்கள் புதியவர்களை மேஜைமேல் ஏறி ஆடச் சொன்னார்கள். ஹோசியா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. மிரட்டினார்கள். தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அசையவில்லை. அப்போது அறைத்தோழன் க்ளெமன்ட் ராய்ஸ்டன், ஒரு போதகரின் மகன், நல்ல உடுப்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் சேத்து ஊத்துங்கடா, இவனுக்கு மட்டும் ஞானஸ்நானமா?" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஹோசியாவுக்குக் 'கோவேறு' என்று பேர். கோவேறு கழுதை நின்றால் நின்றதுதான் என்பதால். க்ளெமன்டுக்குப் 'பிஷப்'.

பிஷப் வடக்கே போய் மேற்படிப்புப் படித்து டாக்டர் ராய்ஸ்டனாகித் திரும்பிவந்து, கெய்தரின் தலைவரானார். ஹோசியா அதே தெருக்களில் தபால் போட்டுக்கொண்டிருந்தார். பொறாமை இல்லை. தலைவர் மாளிகைக்குத் தபால் கொண்டுபோகிற நாட்களில் முன்வாசல் வழியாகவே போய், "பிஷப், உனக்கு வந்ததெல்லாம் பில்லுதான்" என்று கத்துவார். உள்ளேயிருந்து, "அப்படீன்னா அடுத்த வீட்ல போட்டுடு" என்று பதில் வரும்.

அறுபத்தொன்றாம் வருஷம் மாசி பங்குனி வாக்கில் கெய்தரின் கடைசி வருஷ மாணவர்கள் ஐந்துபேர் ஊரின் பெரிய கடைக்குள் போனார்கள். அந்தக் கடையில் கறுப்பர்கள் சட்டை வாங்கலாம், சட்டி வாங்கலாம். சாப்பாட்டு மேடையில் மட்டும் உட்காரக் கூடாது. ஐவரும் உட்கார்ந்து காபி கேட்டார்கள். அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் அவர்கள் தலையில் கெட்சப்பைக் கொட்டினார்கள். ஐவரும் துடைத்துக்கொண்டு மறுபடியும் காபி கேட்டார்கள். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. ஐவரில் முன்னால் நின்றவன் ராஸ்கோ லைல். ஒல்லியான பையன், வகுப்பில் முதலாவது.

ராஸ்கோ ஜாமீனில் வெளியே வந்த அன்று ஹோசியா அவனைத் தெருவில் பார்த்துத் தபால் பையை இறக்கிவைத்துக் கை கொடுத்தார்.

"மிஸ்டர் லைல், காபி எப்படி இருந்தது?"

"இன்னும் வரலை சார். சூடு பண்றாங்க போல."

ஹோசியா அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. கல்லூரியின் அறங்காவலர்கள் கூடினார்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், தலைமை வகித்தவர் ஊர் வங்கியின் முதலாளி. ஐந்துபேருக்கும் பட்டம் கிடையாது, பட்டமளிப்பு விழாவுக்குள்ளும் வரக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அறிவிப்பின் கீழே டாக்டர் ராய்ஸ்டனின் கையெழுத்து இருந்தது.

ஹோசியா தபால் பையோடு நேரே தலைவர் அறைக்குப் போனார்.

"உக்காரு கோவேறு."

"நிக்கறேன். உக்காந்தா காபி தருவே. குடிச்சா கோபம் ஆறிடும்."

ராய்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முகம் வற்றிப்போயிருந்தது. "நான் சண்டை போடலைன்னு நினைக்கிறியா? போட்டேன். ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. பட்டம் குடுத்தா பணத்தை நிறுத்திடுவாங்க, நூலகக் கட்டடம் பாதியில நிக்கும். அடுத்த வருஷம் வாத்தியாருங்களுக்குச் சம்பளம் இல்லை. கல்லூரியே மூடிடும்டா. அப்புறம் பருத்திக் காட்டுலேர்ந்து இன்னொரு ஹோசியா நடந்து வந்தா எங்க போவான்?"

"வந்து என்ன கத்துக்கப் போறான்? வெள்ளைக்காரன் கண்ணை உருட்டினா சொந்தப் பிள்ளையையே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளணும்னா? அதைக் கத்துக்க கல்லூரி எதுக்கு? எங்க நிலத்துக்காரனே இலவசமாச் சொல்லிக் குடுத்தானே."

"வெளிய நின்னு பேசறது சுலபம். நீ தபாலைப் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடலாம். நான் அறுநூறு பேருக்குப் பதில் சொல்லணும்."

ஹோசியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "தபால்காரன்னு குத்திக் காட்டற அளவுக்கு வந்துட்டே. சரி. அஞ்சு பேரை வித்துட்டு மிச்சப் பேரைக் காப்பாத்தறதுக்குப் பேரு பதில் இல்லை பிஷப், வியாபாரம்."

வீட்டில் வெர்டெல் கீரையை வேகவைத்துக்கொண்டிருந்தார். ஹோசியாவின் மனைவி, கறுப்பர் பள்ளியில் ஆசிரியை. கல்யாணமான நாளிலிருந்து கணவரை 'மிஸ்டர் டாலிவர்' என்றே கூப்பிடுவார்; கோபத்திலும் அதேதான், குரல் மட்டும் மாறும். ஹோசியா பேசி முடிக்கும்வரை கிளறிக்கொண்டே இருந்தார்.

"இப்ப என்ன செய்யறதா உத்தேசம், மிஸ்டர் டாலிவர்? தின்னுட்டுப் படுத்துப் பொருமறதா?"

"நான் என்ன செய்ய முடியும்? என்கிட்ட ஓட்டா இருக்கு, பதவியா இருக்கு?"

"கால் இருக்குல்ல? பட்டமளிப்பு அன்னிக்கு முதல்ல ஆலய வாசலுக்கு நடக்கறது யாரு?"

கரண்டியைப் பிடித்திருந்த வெர்டெலின் கையையே ஹோசியா பார்த்தார். கெய்தரில் ஒரு வழக்கம் உண்டு. விழா நாளில் பழைய மாணவர்கள்தான் முதலில் ஊர்வலமாக வருவார்கள். விழா நடக்கும் கல்லூரித் தேவாலயத்தின் வாசலில் இரண்டு வரிசையாகப் பிரிந்து நின்று வழிவிடுவார்கள். அந்த வழியாகத்தான் புதுப் பட்டதாரிகள் உள்ளே போக வேண்டும். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து வேறு வழியாக எந்தப் பட்டதாரியும் போனதில்லை.

"வழிவிடலைன்னா?" என்றார் ஹோசியா.

"அதைத்தான் கேக்கறேன்" என்றார் வெர்டெல்.

"உங்க பள்ளிக்கூடம் வெள்ளைக்காரன் கையில இருக்கு. உன் வேலை போயிடும், வெர்டெல்."

"என் வகுப்புல உக்காந்திருக்கறதுங்க நாளைக்கு அந்தக் கடை மேடையில போய் உக்காரப் போகுதுங்க. நான் மட்டும் வேலையைக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கவா?"

மறுநாளிலிருந்து ஹோசியா தபாலோடு சேர்த்து அந்தச் சேதியையும் வீடுவீடாகப் போட்டார். எல்லோரும் தலையாட்டவில்லை. ஒரு பல் வைத்தியர் கதவைச் சாத்திவிட்டார். "உங்களுக்குப் பைத்தியமா, அந்தக் கல்லூரி ஒண்ணுதான் நமக்குன்னு இருக்கு, அதையும் கொளுத்தப் பாக்கறீங்களா?" என்று ஒரு போதகர் வாசலில் வைத்தே சத்தம் போட்டார். வகுப்புத் தோழர் லெம்யூல் கிரிக்ஸ்பி சவ அடக்கக் கடை வைத்திருந்தவர். ஊரிலேயே வசதியானவர், பயந்தவரும்கூட.

"ஹோசியா, நான் மத்தவங்களைப் புதைக்கறவன். என்னைப் புதைக்கச் சொல்லாதே."

"லெம்யூல், கறுப்பனுக்கு சவ அடக்கம் செய்ய வெள்ளைக்காரன் வரமாட்டான். ஊர்ல யாருக்கும் கைகட்டத் தேவையில்லாத ஒரே ஆளு நீதான். அந்த சுதந்திரத்தை எதுக்கு வச்சிருக்கே, பெட்டியில போட்டு மூடவா?"

கிரிக்ஸ்பி நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அந்தப் பசங்களுக்குப் பட்டமளிப்பு அங்கி யார் குடுப்பா? கல்லூரி குடுக்காதே" என்றார். அப்படிக் கேட்டுவிட்டால் வருகிறார் என்று அர்த்தம்.

பழைய மாணவர்கள் சிலரின் அங்கிகள் பெட்டிகளின் அடியிலிருந்து வந்தன. அந்துருண்டை வாசனை அடித்தது. ராஸ்கோ நெட்டையாக இருந்தான். ஹோசியாவின் அங்கி முட்டியோடு நின்றது. வெர்டெல் மடிப்பைப் பிரித்து, கறுப்புத் துணியில் ஒரு கரை வைத்துத் தைத்தார். "அசையாதே மிஸ்டர் லைல், ஊசி குத்தினா உங்க அம்மாகிட்ட நான் பதில் சொல்ல முடியாது" என்று அதட்டினார். அவன் அம்மா மகனின் பட்டமளிப்பைப் பார்க்க அலபாமாவிலிருந்து வந்து, அவனுக்கு விழா இல்லை என்று தெரிந்தும் ஊர் திரும்பாமல் ஹோசியா வீட்டில்தான் தங்கியிருந்தாள்.

விழா நாளன்று காலையிலேயே வெயில் சுட்டது. புல்வெளியெங்கும் தொப்பி வைத்த அம்மாக்கள், காகித விசிறிகள். அறங்காவலர்கள் ஆலயத்துக்குள் மேடையில் போய் அமர்ந்துவிட்டார்கள். வாத்தியம் முழங்கியது. பழைய மாணவர்கள் வருஷவாரியாக நடந்தார்கள். மிக மூத்தவர்கள் முன்னால், ஊன்றுகோல்களோடு; அவர்கள் வழக்கம்போல் வாசலின் இருபக்கமும் ஒதுங்கி நின்றார்கள். ஹோசியாவின் முப்பத்துமூன்றாம் வருஷ வகுப்பு வாசலை அடைந்ததும் நின்றது. இரண்டாகப் பிரியவில்லை. அப்படியே வெளிப்பக்கம் திரும்பி, தோளோடு தோள் சேர்த்து நின்றது. பின்னால் வந்த வகுப்புகளில் முக்கால்வாசிப் பேர் வந்து ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் ஹோசியா, அவர் பக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டு கிரிக்ஸ்பி. வாத்தியம் இழுத்துப் பார்த்துவிட்டு ஓய்ந்தது. அப்போது ஓக் மரத்தடியில் ஐந்துபேர் அங்கியோடு நிற்பது எல்லோர் கண்ணிலும் பட்டது.

ராய்ஸ்டன் உள்ளேயிருந்து வந்தார். தலைவருக்குரிய பட்டை வைத்த அங்கி. தணிந்த குரலில், "வழிவிடு ஹோசியா" என்றார்.

"அஞ்சு பேரும் உள்ள போனதும் விடறேன்."

"போலீஸைக் கூப்பிடச் சொல்றாங்க உள்ள."

"கூப்பிடச் சொல்லு. பட்டதாரி அங்கியோட இத்தனை கிழவனுங்களை வண்டியில ஏத்தினா நாளைக்குப் பேப்பர்ல நல்லா இருக்கும். லெம்யூல், தொப்பியை நேரா வை."

வரிசையில் சிரிப்பு ஓடியது. கிரிக்ஸ்பி நிஜமாகவே தொப்பியைச் சரிசெய்தார்.

ராய்ஸ்டன் இன்னும் நெருங்கி வந்தார். "கேளு. இப்ப அமைதியா போயிடட்டும். ஆறு மாசம் கழிச்சு, சத்தமில்லாம, பட்டத்தைத் தபால்ல அனுப்பி வைக்கறேன். என் வார்த்தை."

"தபால்லயா?" ஹோசியா குரலை உயர்த்தினார். "கேட்டீங்களா ஐயா, தபால்ல அனுப்பறாராம்! பிஷப், இந்த ஊர்ல அதைக் கொண்டு போடறவன் நான். நான் போட மாட்டேன்!"

புல்வெளியே வெடித்துச் சிரித்தது. விசிறியால் வாயை மூடிக்கொண்டு அம்மாக்கள் குலுங்கினார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், உள்ளே போகக் காத்திருந்த பட்டதாரிகளின் வரிசையிலிருந்து ஒருவன் விலகி மரத்தடிக்குப் போய் ராஸ்கோவின் பக்கத்தில் நின்றான். பிறகு இன்னொருவன். பிறகு வரிசை என்று ஒன்று இல்லை. ஆலயத்தின் முன்னால் தலைவர் தனியாக நின்றார்.

ராய்ஸ்டன் அந்தப் பிள்ளைகளை வெகுநேரம் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். வெளியே யாரோ கல்லூரிப் பாட்டைத் தொடங்கினார்கள். ஹோசியா மனசுக்குள் கணக்குப் போட்டார். நாளை வேலை இருக்காது, வெர்டெலுக்கும் இருக்காது, கல்லூரியும் இருக்காதோ என்னவோ. பிஷப்பையும் இழந்தாயிற்று. ஆனாலும் அந்த இடத்தைவிட்டுக் கால் நகரச் சம்மதிக்கவில்லை.

உள்ளே குரல்கள் உயர்ந்தன. ராய்ஸ்டன் திரும்பி வந்தபோது கையில் தொப்பி இருந்தது.

"பட்டச் சுருள்ல அவங்க கையெழுத்து வேணும். அது என் கையில இல்லை" என்று கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார். "பேரைக் கூப்பிடறது என் வாய். அதுல யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அஞ்சு பேரையும் கூப்பிடப் போறேன்."

ஹோசியா அவர் முகத்தைப் பார்த்தார். "உன் வேலை போயிடும்டா."

"தெரியும். வழிவிடு."

வாசலில் நின்றவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஐந்துபேர் முதலில் போனார்கள்.

"மிஸ்டர் ராஸ்கோ லைல்" என்று ராய்ஸ்டன் கூப்பிட்டபோது வங்கி முதலாளி எழுந்து பக்கவாசல் வழியாக வெளியேறினார். கூடவே இன்னும் சிலர். ராஸ்கோ மேடையேறி வெறுங்கையோடு கை குலுக்கிவிட்டு, அந்த வெறுங்கையை உயரத் தூக்கிக் காட்டினான். அலபாமாவிலிருந்து வந்த அம்மா நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாள்.

அதற்கான தண்டனையும் தாமதமில்லாமல் வந்தது. ராய்ஸ்டனைக் கோடையிலேயே விலக்கினார்கள். வெர்டெலுக்குப் பள்ளியில் அடுத்த வருஷ ஒப்பந்தம் வரவில்லை. ஹோசியாவைத் தெருக்களிலிருந்து எடுத்து ரயில் நிலையச் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கப் போட்டார்கள். நூலகம் கூரையில்லாமல் நின்றது. மழை பெய்தால் உள்ளே தவளை கத்தும். ஆனால் கல்லூரி மூடவில்லை. கிரிக்ஸ்பி முன்னால் நிற்க, பழைய மாணவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பணம் சேர்த்து வாத்தியார்களின் சம்பளத்தைப் போட்டார்கள். போட்டவர்கள் சும்மா போடவில்லை. அறங்காவலர் குழுவில் எங்களுக்கு இடம் வேண்டும் என்று நின்றார்கள். இரண்டு வருஷம் இழுத்தடித்து இரண்டு நாற்காலி கொடுத்தார்கள். ஐந்துபேரின் பட்டச் சுருள்களில் அதன்பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

ஊரைவிட்டுப் போகும் முன் ராய்ஸ்டன் சாப்பிட வந்திருந்தார். ஒஹையோவில் ஒரு சின்னக் கல்லூரியில் பாடம் சொல்லப் போகிறார்.

"நீ வாசலை மறிக்கலைன்னா இன்னும் அந்த நாற்காலியில இருந்திருப்பேன், கோவேறு."

"வருத்தமா இருக்கா?"

"சம்பளம் நின்னதுல வருத்தம். தூக்கம் வந்ததுல சந்தோஷம். உனக்கு?"

"மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. மத்தபடி பெருமைதான்."

வெர்டெல் பொரித்த கோழியைத் தட்டில் வைத்தார். "ரெண்டு பேரும் பெருமை பேசினது போதும். நிஜமா வேலை போனவ இங்க நிக்கறேன். கோழிக்கு யாராவது நன்றி சொல்றீங்களா?"

வெர்டெல் சும்மா உட்காரவில்லை. வீட்டு முன்னறையில், கறுப்பர்களை வடிகட்ட வைத்திருந்த ஓட்டுரிமைத் தேர்வுக்குப் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தார். அந்த வகுப்பில் படித்தவர்கள் வாக்காளர் பதிவு ஆபீஸ் வாசலில் போய் நின்றது தனிக் கதை.

ஹோசியா ஓய்வுபெற்றதும் பழைய மாணவர்கள் அவரையே அறங்காவலராகத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். வங்கி முதலாளி இன்னும் தலைமை நாற்காலியில் இருந்தார். ஹோசியா எதிர்த்துக் கை தூக்காத கூட்டம் இல்லை. ஜெயித்த கூட்டம் குறைவு. அறுபத்தொன்பதில் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது மாணவர்கள் வெளியே கதவைச் சங்கிலிபோட்டுப் பூட்டிவிட்டார்கள். குழுவில் பாதிக்குமேல் கறுப்பர் இருக்க வேண்டும், எங்கள் சரித்திரத்தைப் பாடமாக வைக்க வேண்டும்; ஒப்புக்கொள்ளும்வரை யாரும் வெளியே வர முடியாது என்று கூவினார்கள்.

வங்கி முதலாளி வெளிறிப்போய் ஹோசியாவைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, "மிஸ்டர் டாலிவர், நீங்க சொன்னா கேப்பாங்க. தயவுசெஞ்சு பேசுங்க" என்றார்.

ஹோசியா எழுந்து ஜன்னலைத் திறந்தார். கீழே திரண்டிருந்த கூட்டம் அவரைக் கண்டதும் அமைதியானது. பெரிய தலைமுடியோடு ஒரு பையன், "சார், நீங்க மட்டும் வேணும்னா வெளிய வந்துடுங்க, ஏணி வைக்கறோம்" என்று கத்தினான்.

"ஏணி எதுக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று கத்தினார் ஹோசியா. "யாராவது எங்க வீட்டுக்குப் போய் மிஸஸ் டாலிவர்கிட்ட சொல்லுங்க, சாப்பாடு பதினஞ்சு பேருக்கு வேணும்னு. கயித்துல கட்டி மேல அனுப்புங்க. கதவை மட்டும் திறந்துடாதீங்க!"

ஜன்னலை மூடிவிட்டு வந்து தன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "அவசரமில்லை, பேசலாம்" என்றார் வங்கி முதலாளியிடம். "வெர்டெல் சமையல் வர ஒரு மணிநேரமாவது ஆகும்."